மிதவையைக் கூட்டுவதா, மடையைப் பார்ப்பதா? வடகடல் பாசி வளர்ப்பில் ஒரு முதலீட்டு ஒப்பீடு

வாடை அடங்கித் தை பிறக்கும் நேரத்தில், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், முனைக்காடு, சம்பை, மாங்காடு எனப் பாக் நீரிணைக் கரையோரமாக இருக்கும் கடற்பாசி வளர்ப்புக் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: கையில் இருக்கும் பணத்தை இந்த ஆண்டு எதில் போடுவது? மூங்கில் மிதவைகளை இன்னும் கூட்டலாம், ஒற்றைக் கயிறு முறைக்கு மாறலாம், முடிச்சுப் போடாமல் பாசியை உள்ளே அடைத்து வளர்க்கும் குழாய்வலை வாங்கலாம், கடலில் எதையும் தொடாமல் கரையில் உலர்த்தும் தளம் போடலாம், கொஞ்சம் துணிந்தவர்கள் கடல்விரால் மீன் கூண்டை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பாசி வளர்க்கலாம். ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், இந்த ஐந்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை. எந்த வழி அதிகப் பாசி தரும் என்று கேட்பதைவிட, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எந்த வளம் முழுதாகப் பயன்படாமல் கிடக்கிறது என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

இங்கு வளர்ப்பது கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி. பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை இக்கரைக்குப் பரப்பியதால் இன்றும் பலர் வாயில் அது 'பெப்சி பாசி'தான். அந்த நிறுவனம் இத்தொழிலை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் விலகவில்லை. மூங்கிலால் 12 அடிக்கு 12 அடி சதுரமாக ஒரு மிதவை. அதில் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 20 முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சிலும் ஏறத்தாழ 150 கிராம் விதைப்பாசி. பெருக்கிப் பார்த்தால் ஒரு மிதவைக்கு 60 கிலோ. ஓரா மீன்கள் வந்து கொறித்துவிடாமல் இருக்க அடியில் பழைய வலையை விரித்துக் கட்டுவார்கள். 45 நாள் கழித்து எடுத்தால் சராசரியாக 260 கிலோ வரும் என்பது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதல்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் 60 கிலோவை மறுபடி விதையாகக் கட்டிவிட்டு, மிச்சம் 200 கிலோவைக் காயவைத்தால் 20 கிலோ உலர்பாசி கிடைக்கும். ஒருவருக்கு 45 மிதவைகள், ஐவர் குழுவுக்கு 225 என்று வகுத்ததும் இந்தக் கணக்கிலிருந்துதான். நாளுக்கு ஒன்றை எடுத்து ஒன்றைக் கட்டினால், கடைசி மிதவையைக் கட்டி முடிக்கும்போது முதல் மிதவை அறுவடைக்குத் தயாராக இருக்கும்.

இந்த 45க்கு 45 என்ற பொருத்தம் தற்செயலானதன்று. ஓர் அமைப்பினுள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை உள்ளே வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் காலத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிதான் அதற்கு அடிப்படை. தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தும் அந்த விதி முனைக்காட்டுக் கடலுக்கும் பொருந்துகிறது. நாளுக்கு 1 மிதவை, 45 நாள் தங்கல், ஆகவே 45 மிதவைகள். ஆனால் நாள்தோறும் கடலுக்குள் இறங்க முடிகிறதா? காற்று கடுமையான நாள், கோயில் கொடை, வீட்டில் ஒரு விசேஷம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று கழிந்து, மாதத்தில் 22 நாள் மட்டுமே வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேகம் நாளுக்கு 0.73 மிதவையாகக் குறைகிறது. 45 மிதவைகளையும் கடலில் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை 61 நாள் தங்கியாக வேண்டும். அவ்வளவு நாள் விட்ட பாசி கனத்து, அலையில் முறிந்து மிதந்து போகும். வேண்டாத பாசியும் அழுக்கும் அதன்மேல் படியும். 45 நாள் சுற்றைக் காப்பாற்ற அந்தப் பெண்ணுக்கு உண்மையில் தேவை 33 மிதவைகள் மட்டுமே. எஞ்சிய 12 மிதவைகள் கரையிலிருந்து பார்ப்பவருக்கு நிரம்பி வழிவதாகத் தெரிந்தாலும் கூடுதலாக எதையும் ஈட்டித் தருவதில்லை.

மிதவைகளைக் கூட்டும் முதல் வழியைப் பற்றிய என் தயக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் எனச் செலவு வரையறுக்கப்பட்டு, பெண்களுக்கு அதில் 60 விழுக்காடு மானியம் என்று வகுக்கப்பட்டது. கைக்காசு 600 ரூபாய்தான். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே மிதவை வாங்கிக் குவித்த குழுக்கள் உண்டு. எங்கள் குழுவின் மூத்த அக்கா இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "மிதவைக்கு என்ன தம்பி, பணம் குடுத்தா மூங்கில் வந்துரும். கட்டுறதுக்குக் கை எங்க இருந்து வரும்?"

அவர் சொன்னதைக் கண்மாய்ப் பாசனம் தெரிந்த இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு நாளில் வயலுக்குப் போகும் நீரைத் தீர்மானிப்பது மடையின் அகலம்தான். கரையை உயர்த்தினால் உள்ளே நிற்கும் நீர் கூடும். பாயும் நீர் கூடாது. பாசி வளர்ப்பில் விதை, கட்டும் கை, கடலின் பரப்பு, வளரும் நாள், காயவைக்கும் தளம், வாங்கும் வியாபாரி என்று ஆறு கட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. இவற்றில் எது குறுகலோ அதுவே அந்தக் குழுவின் மடை. மற்ற ஐந்தையும் எவ்வளவு அகலப்படுத்தினாலும் மாத முடிவில் சாக்குகளின் எண்ணிக்கை மாறாது. சிக்கல் என்னவென்றால் மடை ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. தையில் விதையாகவும், பங்குனியில் கையாகவும், ஐப்பசியில் தளமாகவும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மடையைக் கண்டுபிடிக்க அளக்க வேண்டும். உற்பத்தித் துறையில் ஜப்பானின் செய்ச்சி நகாஜிமா வகுத்த ஒரு முறை இதற்கு வசதியானது: வேலை நடந்த நேரத்தின் பங்கு, நடந்த நேரத்தில் கிடைத்த விளைவின் பங்கு, கிடைத்ததில் தரமாகத் தேறியதன் பங்கு என மூன்று பின்னங்களை எடுத்துப் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதத்தில் 22 நாள் வேலை என்றால் முதல் பின்னம் 0.73. மிதவைக்கு 260 கிலோவுக்குப் பதில் 208 கிலோ வருகிறது என்றால் இரண்டாவது 0.8 என்று தோன்றும். அது தவறு. விதைக்கான 60 கிலோவை எப்படியும் முதலில் எடுத்துவைத்தாக வேண்டும் என்பதால், விற்பனைக்கு மிஞ்சுவது 200க்குப் பதில் 148 கிலோதான், பின்னம் 0.74. அறுவடையில் 20 விழுக்காடு விழுந்தால் வருமானத்தில் 26 விழுக்காடு விழுகிறது என்பதைக் கணக்கு நோட்டில் எழுதிப் பார்க்கும்வரை நானும் கவனித்ததில்லை. காய்ந்ததில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல தரம் என்றால் மூன்றாவது 0.9. மூன்றையும் பெருக்கினால் 0.49. கடலில் மிதவைகள் நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கும்போதே, அந்தக் குழு தன் இயல்பான ஆற்றலில் பாதிக்கும் குறைவாகத்தான் இயங்குகிறது.

இனி மற்ற வழிகளுக்கு வருகிறேன்.

ஒற்றைக் கயிறு முறையில் மிதவையே கிடையாது. ஆழமற்ற கடலில் கம்புகளை ஊன்றி, அவற்றுக்கிடையே நீளக் கயிறுகளை இழுத்துக் கட்டுவார்கள். அதே திட்டத்தில் ஒற்றைக் கயிறு அல்லது குழாய்வலை அலகு ஒன்றுக்கு 8,000 ரூபாய் வரையறை. ஓர் அலகு என்பது ஏறத்தாழ 25 மீட்டர் நீளமுள்ள 15 கயிறுகள், அதாவது 375 மீட்டர். மிதவையில் முடிச்சுப் போடும் கயிற்றின் நீளம் 60 மீட்டர். ஆக மீட்டருக்கு மிதவையில் 25 ரூபாயும் கயிற்றில் 21 ரூபாய் சொச்சமும் ஆகின்றன. இந்த நான்கு ரூபாய் வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய நான் துணியமாட்டேன். கவனிக்க வேண்டிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மிதவையைக் கரைக்கு இழுத்து வந்து நிழலில் உட்கார்ந்து கட்டலாம், அடியில் வலை இருக்கும், காற்று மாறினால் இடம் மாற்றலாம். கயிறு நின்ற இடத்தில் நிற்கும். கம்பு ஊன்றுவதும் கயிற்றை இழுத்துக் கட்டுவதும் பராமரிப்பதும் தண்ணீரில் நின்றபடியே நடக்க வேண்டும். ஓரா மீனுக்குத் தடுப்பு இல்லை. கரைவலைக்காரர்களுக்கும் வள்ளங்களுக்கும் வழிவிட்டுத்தான் கம்பு ஊன்ற முடியும் என்பதால் ஊர்ப் பேச்சும் தேவைப்படும். அலை அடங்கிய, இடுப்பளவு நீருள்ள இடம் கிடைத்த குழுவுக்கு அது நல்ல முறைதான். இடம் கிடைக்காத குழுவுக்கு அது ஒரு தேர்வே இல்லை.

கடற்பரப்பைப் பற்றியும் ஒரு சொல். வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்லும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. வாடை வீசும்போது பெண் கடல் குமுறும். அப்போது ஆண் கடல் அடங்கியிருக்கும். ஆகவே ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று மாற்றி வளர்த்தால் மிதவைகள் ஆண்டு முழுதும் பயன்படுமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றலாம், செய்யலாகாது. தெற்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் இதன் வளர்ப்பை அரசு வரையறுத்துவிட்டது. ஒரு வளத்தை முழுதாகப் பயன்படுத்துகிறோம் என்ற பெயரில் இன்னொரு வளத்தை அழிப்பதை எந்த அளவுகோலும் சேமிப்பாகக் காட்டாது.

குழாய்வலை எனக்குப் பிடித்த வழி, ஆனால் நிபந்தனையுடன். கட்டும் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் பொருள் புரியும். காலையில் உடைமர நிழலில் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, ஈரச் சாக்கிலிருந்து கைப்பிடிப் பாசியை எடுத்து, முனை முறியாமல் விரலால் எடை பார்த்து, கயிற்று முறுக்கிலுள்ள சிறு நூல் கண்ணியில் செருகி முடிச்சிட வேண்டும். உப்பில் ஊறிய விரல் நுனிகள் வெடித்திருக்கும். பலர் பழைய துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் கட்டுகிறார்கள். ஒரு மிதவைக்கு 400 முடிச்சுகள். விதைப்பாசி வெயிலில் வாடிவிடும் என்பதால் பொழுது ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். குழாய்வலையில் இந்த 400 முடிச்சுகளும் இல்லை. ஒரு குழாயின்மேல் வலையைச் சுருட்டி ஏற்றி, குழாய் வழியே பாசியைத் தள்ளித் தள்ளி வலையை உருவிவிட்டால் போதும். அலையில் பாசி முறிந்து தவறிப்போவதும் குறைவு. ஆனால் வலைக்குள் அடைந்த பாசிக்கு நீரோட்டம் குறைவதால், சேறும் அழுக்கும் உள்ளே தங்கும்; கலங்கிய கடலில் அடிக்கடி உதறிவிடாவிட்டால் விளைச்சல் கெடும். கட்டும் கைதான் மடை என்று உறுதியான குழுவுக்கு அது கைமேல் பலன் தரும். கட்டுவதில் நெருக்கடி இல்லாத குழு அதை வாங்கினால், மிச்சமான காலை நேரத்தில் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் பயன்படும்; அதுவும் வேண்டியதுதான் என்றாலும், அதற்கு 8,000 ரூபாய் செலவிட வேண்டாம்.

உலர்த்தும் தளத்தை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஐவர் குழு நாளுக்கு 1,000 கிலோ ஈரப்பாசியைக் கரையேற்றுகிறது என்போம். நல்ல வெயிலில் காய இரண்டு நாள் என்றால், லிட்டிலின் விதிப்படி எந்நேரமும் 2,000 கிலோ தளத்தில் விரிந்திருக்கும். மூன்று நாள் என்றால் 3,000. புரட்டாசிக் கடைசியில் மேகம் மூடி ஐந்து நாள் எடுத்தால் 5,000. தளம் அதேதான், பாசியும் அதேதான். வெயில் மட்டும் மாறியதால் தேவைப்படும் இடம் இரண்டரை மடங்காகிவிட்டது. தளம் எப்போதும் நிரம்பியே இருக்கும்படி அளவாகப் போட்டுக்கொண்டவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். வரவும் வேலை நேரமும் ஒழுங்கின்றி ஏறி இறங்கும் ஓர் எளிய வரிசையில், வேலை செய்யும் இடம் 80 விழுக்காடு நிறைந்திருந்தால், காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப்போல 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு என்று வரிசைக் கோட்பாடு கணக்கிடுகிறது. பாசிக்கு இது அப்படியே எண்ணுக்கு எண் பொருந்தாது, போக்கு பொருந்தும். குவியலில் காத்திருக்கும் ஈரப்பாசி உள்ளே சூடேறி இளகிவிடும். காயும்போது ஒரு மழை பட்டால் நிறம் வெளுத்துச் சத்துக் கரையும். ஒருமுறை மாலையில் திடீரென்று தூறல் போட்டபோது, இருந்த ஒரே தார்ப்பாயை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் நனைய, அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் நனைய, ஐந்து பேரும் நானும் அரைமணி நேரம் ஓடியது இன்னும் நினைவிருக்கிறது. பத்துச் சாக்கில் நான்கை வியாபாரி விலை குறைத்தே எடுத்தார்.

மணலில் நேரே விரிக்காமல், கம்புகளின்மேல் பழைய வலையைக் கட்டி இடுப்புயரத்தில் தட்டிகள் அமைத்தால் கீழிருந்தும் காற்றுப் புகும், மணலும் ஒட்டாது, தார்ப்பாய் போர்த்துவதும் எளிது. மூன்றாவது பின்னமான தரத்தை நேரே உயர்த்தும் செலவு இது. மேகமூட்டமான வாரங்களில் ஈரப்பாசியாகவே விற்பது இதற்கு மாற்று; பாசிச் சாற்றிலிருந்து பயிர் ஊக்கி தயாரிப்பவர்களுக்கு ஈரப்பாசிதான் தேவை. விலை குறைவாகத் தெரிந்தாலும், பத்துக் கிலோ ஈரம் ஒரு கிலோ உலர்வு என்ற விகிதத்தையும், தளத்தில் மிச்சமாகும் நாள்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாரங்களில் அதுவே லாபமாக முடியலாம்.

கடல்விரால் கூண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டு, அதைச் சுற்றி 16 மிதவைகள். மீன் வளர்ந்து முடிவதற்குள் நான்கு சுற்றுப் பாசி எடுக்கலாம் என்று மண்டபம் ஆராய்ச்சி மையம் முனைக்காட்டில் செய்து காட்டியது. மீனின் கழிவில் கரையும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு உரமாவதால், கூண்டருகே விளைச்சல் கூடுகிறது. வீணாகும் ஒன்றை வளமாக்குவதில் இந்த ஐந்தில் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் தீவன மீனை நாள்தோறும் வாங்கிப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அந்த மீனுக்கும் விலை ஏறும். இரவுக் காவலும் வேண்டும். 225 மிதவைகளில் 16க்கு மட்டும் பலன் தரும் ஒன்றில் முதலீட்டை முடக்க, சிறு குழு ஒன்றுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மூன்று நான்கு குழுக்கள் கூட்டாகச் செய்வதென்றால் யோசிக்கலாம்.

இப்படி ஐந்தையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், யாரும் பட்டியலில் சேர்க்காத ஆறாவது ஒன்று கணக்கில் தலைகாட்டியது: விதை. 60 கிலோ 45 நாளில் 260 கிலோ ஆகிறதென்றால், வளர்ச்சி நாளுக்கு 3.26 விழுக்காடு, அதாவது பாசி தன் எடையை இரட்டிப்பாக்க ஏறத்தாழ 21 நாள் எடுக்கிறது. வாடையைத் தாங்கி ஒரு குழுவிடம் 10 மிதவைப் பாசி மிஞ்சியது என்றால் அது 2,600 கிலோ. 225 மிதவைகளும் வெவ்வேறு வயதில் சீராக ஓடும்போது கடலில் இருக்கும் மொத்தப் பாசி சுமார் 30,700 கிலோ. முன்னதிலிருந்து பின்னதை எட்ட, ஒரு கிலோகூட விற்காமல் எல்லாவற்றையும் விதையாகவே திருப்பிக் கட்டினாலும், ஏறத்தாழ 75 நாள் ஆகும். தையில் தொடங்கினால் பங்குனி ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். நீரின் வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடித்தால் தண்டு வெளுத்து உதிரும் 'ஐஸ்-ஐஸ்' நோய் வரும். ஆண்டின் நல்ல மாதங்கள் வயிற்றைக் கட்டி விதை பெருக்குவதிலேயே கழிந்துவிடுகின்றன.

அதே குழு 20 மிதவை விதையைக் காப்பாற்றியிருந்தால் அந்தக் காலம் 54 நாளாகக் குறையும். மிச்சமாகும் 21 நாளில், நாளுக்கு ஐந்து மிதவைகள் வீதம் 21,000 கிலோ ஈரப்பாசி, அதாவது 2,100 கிலோ உலர்பாசி. நாள்கள் கெடுவதையும் விளைச்சல் குறைவதையும் கழித்து இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பத்து மிதவைகளை வாடையில் காப்பதற்கு ஆகும் கூடுதல் நங்கூரம், கயிறு, காவல் ஆகியவற்றின் செலவோடு ஒப்பிட மேற்சொன்ன ஐந்து வழிகளில் எதுவும் அருகில் வராது. விதையின் அளவோடு அதன் வீரியமும் கணக்கில் வர வேண்டும். 2013க்குப் பிறகு இக்கரையில் விளைச்சல் சரிந்ததற்கு வெப்பத்தோடு, ஒரே விதையை ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டிக் கட்டி வந்ததும் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே காக்கும் விதையில் ஒரு பகுதியையாவது வெளியிலிருந்து புதிதாக வாங்கிச் சேர்ப்பது நல்லது.

இந்தக் கணக்குகளை வைத்து எங்கள் குழு எடுத்திருக்கும் முடிவு இது. இந்த ஆண்டு புதிய மிதவை இல்லை. உள்ள 225இல் பழுதான மூங்கில் உள்ளவற்றைக் கழித்து, எண்ணிக்கை 180க்கு வந்தாலும் வரட்டும் என்று விட்டிருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் 20 விதை மிதவைகளை, ஒரே காற்று எல்லாவற்றையும் அடித்துப்போகாதபடி, இரண்டு இடங்களில் பிரித்து இரட்டை நங்கூரத்தில் நிறுத்த வேண்டும். உலர்த்தும் தட்டிகளுக்கும் இன்னும் இரண்டு தார்ப்பாய்களுக்கும் சேமிப்பில் பாதி. ஒவ்வொரு மிதவையிலும் கட்டிய தேதியைப் பெயின்டில் எழுதிய ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கும். எடுத்த தேதி, எடை, கட்ட எடுத்த நேரம் மூன்றையும் நான் நோட்டில் ஏற்றுவேன். குழாய்வலையைப் பற்றிய பேச்சை ஒரு முழுச் சுற்று முடிந்து, கட்டும் நேரத்தின் கணக்கு கைக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்வதாக ஒத்திவைத்திருக்கிறோம். அக்கா மட்டும் வில்லையின் நிறத்தைப் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாசிக்குள் பச்சை வில்லை தெரியாது, சிவப்பாக வேண்டும் என்கிறார்.